மீண்டும் வந்ததா, புதிதாய் முளைத்ததா

ரத்தப் புற்றுநோய்ச் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கருவிகளை எப்படி இயக்குவது என்பதை உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். இப்போது இருக்கும் கருவிகளை எனக்கே இயக்கத் தெரியாது, அதனால் அதில் நான் தலையிடவில்லை. கருவி ஒன்றைச் சொல்லும், வார்டு வேறொன்றைக் கேட்கும், நடுவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். எல்லோருக்கும் அப்படி ஒரு நாள் வரும். எனக்கு அது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்களில் வந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சிறுமியை ரேகா என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அத்திபெலேயில் டயர் ரீட்ரெடிங் பட்டறையில் வேலை. அம்மா மஞ்சுளா சந்தாபுரா பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தார். யு.கே.ஜி. படிக்கும்போது ரேகாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை அது, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை நடந்து முடிந்தது. முடி வளர்ந்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

சிகிச்சையை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோது, ரத்த அணுக்கள் கொஞ்சம் குறைவாக இருந்தன. சந்தேகத்துக்கு எலும்பு மஜ்ஜை எடுத்து அனுப்பினார்கள். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்ததுமே எனக்குச் சங்கடமாகிவிட்டது. சின்னச் சின்ன உருண்டைச் செல்கள், உள்ளே கருவைத் தவிர வேறு எதுவும் தெரியாத இளம் செல்கள், நிறைய. அவளுக்கு முதலில் நோய் வந்தபோது இருந்த செல்களும் இதே முகம்தான்.

குழந்தைகள் புற்றுநோய் வார்டின் தலைமை மருத்துவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். அவரும் எங்களைப் போலக் கண்டோன்மெண்ட் பக்கத்துத் தமிழர். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மாடியிலிருந்து இறங்கி வந்து இரட்டை மைக்ராஸ்கோப்பின் மறுபக்கம் உட்கார்ந்துவிடுவார். அன்றும் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரிலாப்ஸ்தானே? நோய் திரும்பிடுச்சு?"

"அப்படிச் சொல்ல முடியல சார். கீமோ நிறுத்தினதுக்கப்புறம் மஜ்ஜை புதுசா முளைக்கும். அப்ப நல்ல செல்லும் இப்படித்தான் இருக்கும்."

"இருக்கும், ஒத்துக்கறேன். இவ்ளோவா?"

"சில பசங்களுக்கு இவ்ளோவும் இருக்கும்."

அவர் எழுந்துவிட்டார். "எனக்கு யெஸ் ஆர் நோ வேணும். 'இருக்கலாம்'னு நீங்க எழுதினா, நான் பாதி மருந்தா கொடுக்க முடியும்?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நம் உடம்பில் கிருமியை அடையாளம் காணும் பி செல்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரு ரிசெப்டரை வைத்திருக்கிறது. தமிழில் ஏற்பி என்கிறார்கள். அந்த ரிசெப்டர் பிறவியிலேயே கிடைப்பதல்ல. ஒவ்வொரு இளம் செல்லும் தன் மரபணுவைத் தானே வெட்டி, துண்டுகளை ஒட்டி, தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்கிறது. ஒட்டு சரியாக விழுந்தால் மேலே வளரும், விழாவிட்டால் பாதி வழியிலேயே செத்துப்போகும். உடம்பு வைத்திருக்கும் கண்டிப்பான காவல் அது. வெட்டி ஒட்டும் அந்த வேலையில் சில சமயம் கத்தரி தப்பான இடத்தில் விழுகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு காரணம். ரிசெப்டரைச் செய்து முடிக்காமலே அந்தக் காவலில் நின்றுபோன ஒரு செல், சாகவும் செய்யாமல், வளரவும் செய்யாமல், தன்னைப் போலவே கோடிக்கணக்கில் பெருகுகிறது. ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் அத்தனையிலும் ஒரே ஒட்டுதான் இருக்கும். புதிதாய் முளைக்கும் நல்ல செல்களிலோ ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஒட்டு.

பெரியவர்களுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் கதை நேர்மாறு. அங்கே ரிசெப்டர் முழுசாகச் செய்யப்பட்டு, 'உயிரோடு இரு, உயிரோடு இரு' என்று செல்லுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சை அடைக்கும் மாத்திரைகளை நீங்கள் இன்று தினமும் பார்க்கிறீர்கள். எங்கள் காலத்தில் இல்லை. அதை விடுங்கள், ரேகாவுக்கு வருவோம்.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்குக் குறுக்கே ஓடவிடும் ஃப்ளோ கருவி எங்களிடம் இருந்தது. நல்ல செல்கள் என்றால் இளசிலிருந்து முதிர்ந்தது வரை ஒரு வால் போல நீண்டு தெரியும். புற்று என்றால் ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும். ரேகாவின் மாதிரி பாதி கட்டிதட்டி, உறைந்த நிலையில் வந்திருந்தது. கருவிக்குக் கிடைத்த செல்கள் மிகவும் குறைவு. திரையில் வால் தெரிந்தது, அதன் ஒரு முனையில் கொஞ்சம் அடர்த்தியும் தெரிந்தது. இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம்.

'புதிதாய் முளைக்கும் செல்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம், உறுதி செய்ய ரிசெப்டர் மரபணுச் சோதனை தேவை' என்று எழுதினேன். பெரிய டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"போன வருஷம் ஒரு பையனுக்கு இப்படித்தான் காத்திருந்தோம், ஞாபகம் இருக்கா? மூளைக்கு ஏறிடுச்சு. அவங்கப்பா இன்னும் மாசா மாசம் எனக்கு போன் பண்றார். எடுக்கக் கை வரமாட்டேங்குது."

"ஞாபகம் இருக்கு சார்."

"திங்கக்கிழமை அட்மிட் பண்ணி ஆரம்பிக்கறேன். அதுக்குள்ள உங்க ஜீன் டெஸ்ட் வந்தா பாக்கலாம்."

அவர் அவசரக்காரர் என்று நினைக்காதீர்கள். ரிலாப்ஸ் என்றால் ஒவ்வொரு நாளும் நஷ்டம். ரிலாப்ஸ் இல்லை என்றால் அந்த மருந்தே குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். முதல்முறை கொடுப்பதைவிட அது பல மடங்கு கடுமையானது. இரண்டு பக்கமும் பள்ளம். அவர் ஒரு பக்கத்தில் விழுந்தவர், அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை, ரத்தம் கொடுக்கும் ஜன்னல் அருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நோயாளிகளின் வீட்டார் பொதுவாக எங்களைத் தேடி வருவதில்லை. நாங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"மேடம், ரேகா ரிப்போர்ட்டு நீங்கதான் பாக்கறீங்களாமே. நான் அவங்கம்மா."

"ஆமாம்மா."

"நோவு திரும்பி வந்துடுச்சுங்களா?"

"இன்னும் தெரியலம்மா."

"மேல சின்ன டாக்டர் வந்துடுச்சின்னு சொல்லிட்டாரே. ஸ்கூல்ல லீவு சொல்லிடுங்க, ஆறு மாசம் ஆவும்னு சொன்னாரு."

வார்டில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் அவசரப்பட்டு வாயைவிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை இந்த அம்மாவிடம் காட்டிப் பயனில்லை.

"அவர் பயந்து சொல்லியிருப்பார். சோதனை பண்றது நான். எனக்கு இன்னும் தெரியல."

"தெரியலன்னா இருக்குன்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?"

"தெரியலன்னுதாம்மா அர்த்தம்."

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மரபணுச் சோதனை எங்களிடம் அப்போது கிடையாது. ஊரின் வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வசுதா என்ற விஞ்ஞானி அதைச் செய்துகொண்டிருந்தார். கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். ரேகாவின் மாதிரியை அவருக்கு அனுப்பியிருந்தேன். புதன்கிழமை போன் செய்தார்.

"டாக்டர், ஒரு பேண்ட் வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. க்ளீனா இருக்கு."

ஒரே பேண்ட் என்றால், மரபணுவை ஓடவிடும் ஜெல்லில் ஒரே கோடு, அதாவது ஒரே ஒட்டு. ஒரே ஒட்டு என்றால் ஒரே தாயின் பிள்ளைகள். அதாவது புற்று. மத்தியானத்துக்குள் பெரிய டாக்டருக்குச் செய்தி போய்விட்டது. மருந்து செலுத்த மார்பில் குழாய் வைக்கும் ஆபரேஷனுக்கு அவர் நேரம் கேட்டுவிட்டார்.

நான் மறுபடியும் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். ஃப்ளோவில் தெரிந்த அந்த வாலைப் பார்த்தேன். ரேகாவின் ரத்த ஸ்லைடையும் பார்த்தேன். மஜ்ஜையில் இவ்வளவு புற்றுச் செல் இருந்தால் ரத்தத்தில் ஒன்றிரண்டாவது தலைகாட்டும். ஒன்றுகூட இல்லை. ஒரு சோதனை ஒன்றைச் சொல்ல, மற்றதெல்லாம் வேறு சொன்னால், முதலில் அந்தச் சோதனைக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று பாருங்கள். நாங்கள் கொடுத்தது பாதி உறைந்த மாதிரி. கூட்டம் இருக்கும் இடத்தில் எல்லோரும் பேசினால் இரைச்சல்தான் கேட்கும். இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஒருவர் குரல் தனியாகக் கேட்கும். அதற்காக ஊரே அவர் ஒருவர்தான் என்றாகிவிடாது.

வசுதாவைக் கூப்பிட்டேன். "அதே மாதிரியில இன்னொரு தடவை, முதல்ல இருந்து ஓட்ட முடியுமா?"

"ஓட்டலாம். ஸ்வல்பதான் மிச்சம் இருக்கு, ஒரு தடவைக்கு வரும். ஆனா பக்கத்துல வச்சுப் பாக்க முதல் நோயோட சாம்பிள் வேணும் டாக்டர். அது இல்லாம நான் எது சொன்னாலும் பாதிதான்."

முதல் நோயின் மாதிரி எங்கே இருக்கிறது? அப்போதெல்லாம் குளிரில் உறைய வைத்துச் சேமிக்கும் வசதி எங்களிடம் இல்லை. கட்டடம் மாறியபோது பழைய ஸ்லைடுகளில் பல உடைந்துவிட்டன. ரேகாவுடையது ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதன்மேல் காய்ந்து கிடக்கும் செல்களைச் சுரண்டினால் மரபணு கிடைக்கும். சுரண்டிவிட்டால் ஸ்லைடு வெறும் கண்ணாடி. அவளுக்கு இருந்த நோய்க்கு வேறு சாட்சி கிடையாது. நாளைக்கு யாராவது, ஏன் நானே, அந்த முதல் செல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்க முடியாது.

"பாதி மட்டும் சுரண்டினா போதுமா?" என்று கேட்டேன்.

"போதலாம், போதாமலும் இருக்கலாம். போதலன்னா ரெண்டும் வேஸ்ட்."

சேமிப்பு ஸ்லைடை அழிக்கக் கூடாது என்பது துறையின் விதி. நல்ல விதி. எங்கள் துறைத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "எதிர்காலத்துக்காகத்தான் வச்சிருக்கோம். அந்தப் பொண்ணுக்கு எதிர்காலம் இந்த வாரம்தான்னா, எடுத்துட்டுப் போங்க" என்றார். மைக்ராஸ்கோப்பில் கேமரா மாட்டி, ஒரு ஃபிலிம் ரோல் முழுக்க அந்த ஸ்லைடைப் படம் பிடித்தேன். பிறகு பருத்தியில் சுற்றி, நானே ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வசுதா பிளேடை வைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஊதா நிறமாக இருந்த கண்ணாடி சீக்கிரமே தெளிந்துவிட்டது.

இதற்கிடையில் வியாழக்கிழமை ரேகாவுக்குக் காய்ச்சல் அடித்தது. வார்டில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் போனில் சொன்னது இரண்டு வார்த்தை: "ஆரம்பிச்சுடுச்சு, பாருங்க." அன்றைய ரத்தத்தையும் வாங்கி நானே பார்த்தேன். புற்றுச் செல் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை வசுதாவின் மேஜையில் ஜெல் படத்தைப் பார்த்தேன். பழைய ஸ்லைடில் ஒரு கோடு, தடிமனாக. இப்போதைய மாதிரியில் முதல் தடவை வந்த கோடு அந்த உயரத்தில் இல்லை. இரண்டாவது தடவை ஓட்டியதில் அந்தக் கோடே வேறு இடத்துக்குப் போயிருந்தது, கூடவே மங்கலாக இன்னும் சில. உண்மையான புற்று என்றால் எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"இது ரிலாப்ஸ் இல்ல, அல்லவா?" என்றார் வசுதா.

"இருக்காது" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திரும்பி வரும் நோய் சில சமயம் தன் ஒட்டை மாற்றிக்கொண்டு வரும். அது எனக்குத் தெரியும், பெரிய டாக்டருக்கும் தெரியும். ஆக, இவ்வளவுக்குப் பிறகும் எந்தச் சோதனையும் எங்களுக்காக முடிவு எடுத்துக் கொடுக்கவில்லை. அதுவரை பார்த்த எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஓர் ஆள்தான் சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலை மாடிக்குப் போனேன்.

"சிகிச்சை ஆரம்பிக்க ஆதாரம் இல்லைன்னு எழுதறேன் சார். சில வாரம் கழிச்சு மறுபடி மஜ்ஜை எடுங்க."

"காய்ச்சல்?"

"காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்."

"தப்பாப் போனா?"

"என் பேர் கெடும். ஆனா போறது அந்தக் குழந்தை. அதனால தினம் ரத்தம் அனுப்புங்க, வேற யார்கிட்டயும் விடாம நானே பாக்கறேன். ஒரே ஒரு கெட்ட செல் தெரிஞ்சாலும் அந்த நிமிஷமே சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்து திங்கள்கிழமை நேரத்தை ரத்து செய்தார். அவர் என்னோடு ஒத்துப்போனாரா, என்னிடம் தோற்றாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ரேகாவின் வயிற்றில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தன. சாயங்காலத்துக்குள் முதுகெல்லாம் பரவிவிட்டது. அம்மை. பள்ளிக்கூடத்தில் பலருக்கு வந்திருந்ததாம், யாரும் கேட்கவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு அதுதான் காரணம்.

திங்கள்கிழமை பெரிய டாக்டர் கீழே இறங்கி வந்தார். மைக்ராஸ்கோப் முன்னால் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று பார்ப்பதற்கு ஸ்லைடு எதுவும் இல்லை.

"இன்னிக்கு மருந்து ஏத்தியிருந்தா…" என்று ஆரம்பித்தார். அந்த மருந்துக்கு நடுவே அம்மை வந்தால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இதை நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கேட்பவர்கள் என் முன்யோசனையைப் பாராட்டுகிறார்கள். அம்மையை நான் யோசிக்கவே இல்லை. அது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், அவளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அம்மை வராமல் இருந்திருந்தாலும் சனிக்கிழமை எடுத்த முடிவு சரியானதுதான். அம்மை வந்ததால் அது சரியாகிவிடவில்லை. நன்றாக முடிந்தது என்பதை மட்டும் வைத்து உங்கள் முடிவுகளை எடை போடாதீர்கள். மோசமாக முடிந்தது என்பதை மட்டும் வைத்தும் போடாதீர்கள். பெரிய டாக்டர் போன வருடத்துப் பையனுக்காகக் காத்திருந்ததும், அன்று கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால், சரியான முடிவுதான். இதை அவரிடம் நான் வெகுநாள் கழித்துத்தான் சொன்னேன். முன்பே சொல்லியிருக்கலாம்.

ரேகாவைத் தனியறையில் வைத்து ஊசி மருந்து கொடுத்தார்கள். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. சில வாரம் கழித்து எடுத்த மஜ்ஜை இம்முறை உறையாமல் வந்தது. வார்டிலிருந்து பெரிய டாக்டரே கையில் பிடித்து, ஆட்டி ஆட்டி எடுத்து வந்தார். திரையில் வால் நீளமாக, சீராகத் தெரிந்தது. முனையில் இருந்த அடர்த்தி கரைந்திருந்தது. நின்றுபோன செல்கள் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். இவை வளர்ந்து போயிருந்தன. நோய் அவளுக்கு அப்புறமும் திரும்பவில்லை.

"நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர். "எங்க ஆள் ஏற்கனவே ஒண்ணு சொல்லிட்டான். நான் போய் வேற சொன்னா நம்பமாட்டாங்க."

புறநோயாளிகள் பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். நோய் இல்லை, இவை புதிதாக வளரும் நல்ல செல்கள், மருந்து வேண்டாம், வழக்கம்போல் பரிசோதனைக்கு வந்தால் போதும். மஞ்சுளா அழுவார், கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"அப்ப மேல வந்துடுச்சின்னு சொன்னாங்களே, அது?" என்றார்.

"அது தப்பும்மா."

"தப்புன்னு நீங்க சொல்றீங்க. சொன்னவரு வந்து சொல்லலையே. இத்தனை வாரமா நானு இவளைப் பாக்கறப்பல்லாம் இன்னா நெனைச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? தூங்கறப்ப மூச்சு வருதான்னு கை வச்சுப் பாப்பேன். இவங்கப்பா பட்டறைக்கே போவல."

நான் மன்னிப்புக் கேட்டேன். சொன்னது நான் இல்லைதான். ஆனால் அவருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரி. அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அப்புறம்தான் கண் கலங்கியது.

ரேகா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"அப்ப நாளைக்கு ஸ்கூல் போவணுமா?" என்றாள்.

"போகலாமே. ஒரு தடையும் இல்ல" என்றேன்.

"நாளைக்குக் கணக்கு டெஸ்ட்டு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டாக்டர், நல்லாயிட்டேன்னு நாளான்னிக்குச் சொல்றீங்களா?"

மஞ்சுளா அவள் முதுகில் ஒன்று வைத்தார். வைத்த கை அங்கேயே தங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

"முடியாதும்மா" என்றேன். "ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டேன்."